அத்தி இலைக் கொப்புளத்தில் வாழும் சில்லிட்: மதுரை வட்டாரத்தில் தேடி, பின்தொடர்ந்து, பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

மதுரை வட்டாரத்தில் வாய்க்கால் கரையிலோ தோட்டத்துக் கிணற்றடியிலோ நிற்கும் நாட்டு அத்தி மரத்தின் கீழ்க்கிளை ஒன்றை வளைத்துப் பிடித்துப் பார்த்தால், இலைகளின்மீது கெட்டியான கொப்புளங்கள் தனித்தனியாகவோ ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகவோ எழுந்திருப்பதைப் பல மரங்களில் காணலாம். மரத்துக்கு நோய் கண்டிருக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிடுவதே வழக்கம். ஆனால் அந்தக் கொப்புளம் ஒவ்வொன்றும் ஒரு பூச்சிக்காக மரமே கட்டித்தந்த அறை. அதனுள் சாறு உறிஞ்சி வளர்ந்து, இறகு முளைத்து, ஒருநாள் வெளியே வந்து தாவிப் பாய்கிற சிற்றுயிரின் பெயர் பாரோப்சில்லா டிப்ரெஸ்ஸா. சில்லிட் என்று பூச்சியியலில் அழைக்கப்படும் பெருங்குழுவில், டிரையோசிடே குடும்பத்தைச் சேர்ந்தது.

அமெரிக்கப் பூச்சியியலாளர் டேவிட் க்ராஃபோர்ட், கல்கத்தாவில் இருந்த இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் 1912-ஆம் ஆண்டு இந்தியச் சில்லிட்டுகளை விவரித்தபோது இந்தப் பூச்சிக்கும் பெயரிட்டார். நூறாண்டுக்கு மேல் கடந்த பின்னும், அத்திப் பழத்தைத் தெரிந்தவர்களில் மிகச் சிலருக்கே இந்தப் பூச்சியைத் தெரியும். அத்தனைக்கும், நம் முன்னோர் இந்தக் கொப்புளத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள் அல்லர். அத்தி இலையிலுள்ள கொப்புளங்களைப் பாலில் ஊறவைத்துத் தேனுடன் கலந்து கொடுத்தால் பெரியம்மைத் தழும்பு விழாது என்ற நம்பிக்கை, 19-ஆம் நூற்றாண்டின் இந்திய மூலிகை நூல்களில் பதிவாகியிருக்கிறது. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. அந்த மருந்தைச் செய்து பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை, செய்யவும் வேண்டாம். கொப்புளத்தை அறிந்திருந்தவர்கள் அதனுள்ளே இருப்பது யார் என்று பார்க்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள், மரங்களைப் பார்ப்பதில் ஆர்வமுள்ள எவரும் இந்த வழிகாட்டியைப் பின்பற்றலாம். பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆனால் பொறுமை வேண்டும், ஏனெனில் ஒரே நாளில் நூறு கொப்புளங்களை அறுத்துப் பார்ப்பதைவிட, ஒரே கிளையைத் துளிர்விட்ட நாளிலிருந்து இலை முற்றும்வரை விடாமல் பின்தொடர்வது பல மடங்கு அதிகம் கற்றுத்தரும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கருத்தைச் சுற்றியே அமைந்தவை.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவற்றுக்குச் சில்லிட்டுகள் நெருங்கிய உறவு. எல்லாமே ஊசி வாயைத் திசுவுக்குள் செலுத்திச் சாறு உறிஞ்சுபவை. வளர்ந்த சில்லிட்டைக் கைலென்ஸில் பார்ப்பவர்களுக்கு, விரல்நுனியில் அடங்கும் அளவுக்குச் சுருங்கிப்போன சிள்வண்டைப் பார்ப்பதுபோல் தோன்றும்: அகன்ற தலை, புடைத்த கண்கள், உடம்பின்மேல் இருபுறமும் சரிந்து மூடிய இறக்கைகள். உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட சில்லிட் இனங்கள் சுமார் 4,000. ஒவ்வோர் இனமும் பொதுவாக ஒரே தாவரத்தையோ மிக நெருங்கிய சில தாவரங்களையோ மட்டுமே நம்பி வாழ்வதால், மரத்தைச் சரியாக அறிந்துகொண்டாலே பூச்சியை அறிவதில் பாதி வேலை முடிந்துவிடும்.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி ஐந்து பருவங்களைக் கடந்து, நான்கு முறை தோலுரித்து வளர்ந்து, ஐந்தாம் முறை தோலுரிக்கும்போது இறகுள்ள பூச்சியாகிறது. இடையில் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையின் அடியில் ஒரு சிறு காம்பு உண்டு. தாய்ப்பூச்சி அந்தக் காம்பை இலைத் திசுவுக்குள் பதித்துவிடுகிறது. முட்டை அதன் வழியாகவே இலையிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. இலையைப் பறித்துவிட்டால் முட்டை வாடிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது, ஏனெனில் மூன்றாம் படியில் சொல்லப்போகும் விதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

தாவலுக்குக் காரணம் பின்னங்கால்கள். அவற்றின் அடிக்கணு பருத்து மார்புடன் இறுகப் பொருந்தியிருக்கிறது. அங்குள்ள தசைகள் விசையைத் தேக்கி ஒரே வீச்சில் விடுவிக்கின்றன. உந்தல் ஓரிரு மில்லி விநாடிகளுக்குள் முடிந்துவிடுவதால், பூச்சி தாவியதை நம் கண் காண்பதில்லை, இருந்த இடம் வெறுமையானதை மட்டுமே காண்கிறது.

இன்னொரு செய்தி கொஞ்சம் விலகிச் செல்வதுதான், ஆனாலும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மரத்தின் உணவுச் சாற்றில் சர்க்கரை ஏராளம். உடல் வளரத் தேவையான அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்யச் சில்லிட்டுகள் தம் வயிற்றுப் பகுதியில் தனிச்சிறப்பான உயிரணுக்களுக்குள் கார்சொனெல்லா ருட்டியை என்ற பாக்டீரியாவை வைத்து வளர்க்கின்றன. அது தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குச் செல்கிறது. ஹேக்பெரி என்னும் அமெரிக்க மரத்துச் சில்லிட் ஒன்றிலிருந்து எடுத்த இந்தப் பாக்டீரியாவின் மரபுத்தொகுதியை, அதாவது அதன் முழு டி.என்.ஏ.வை, 2006-இல் படித்தபோது, அதில் ஏறத்தாழ 1,60,000 டி.என்.ஏ. எழுத்து இணைகளே இருந்தன. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவில் சுமார் 46 லட்சம் உண்டு. அன்றைய நிலையில் உலகில் அறியப்பட்ட பாக்டீரியாக்களிலேயே மிகச் சிறிய மரபுத்தொகுதி அதுதான். பூச்சியை விட்டு வெளியே வாழ முடியாத அளவுக்கு அந்தப் பாக்டீரியா தன் உடைமைகளை இழந்திருக்கிறது. அதை விட்டுப் பூச்சியாலும் வாழ முடியாது.

தேவையான பொருட்கள்

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் குறித்த சிறு ஸ்கேல், புது பிளேடு, தையல் ஊசி, மிக மெல்லிய ஓவியத் தூரிகை, வெள்ளைப் பீங்கான் தட்டு, மருந்துக் குப்பி அளவிலான மூடியுள்ள கண்ணாடிக் குப்பிகள், மெல்லிய வலைத்துணிப் பை, கட்டுவதற்குப் பருத்தி நூல், பென்சில், தடித்த காகிதம், நோட்டு. செல்போன் கேமராவில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. பாதுகாத்து வைக்க 70 சதவீத எத்தனால் வேண்டும்; அதைக் கல்லூரி விலங்கியல் துறையின் வழியாகப் பெறுவதே முறை.

முதற்படி: கறிவேப்பிலையில் கண்ணைப் பழக்குதல்

அத்திக்குப் போவதற்கு முன் வீட்டுக் கொல்லையிலுள்ள கறிவேப்பிலைக்குப் போங்கள். அதன் கொழுந்தில் வரும் ஆசிய எலுமிச்சைச் சில்லிட், கொப்புளம் எழுப்பாமல் வெட்டவெளியில் வாழ்வது. அதனால் முட்டை, இளம்பூச்சி, வளர்ந்த பூச்சி மூன்றையும் ஒரே கொழுந்தில் பார்த்துப் பழக முடியும். விரியாத இலை மடிப்புகளில் மஞ்சள் நிற முட்டைகள் செருகியிருக்கும். தட்டையான இளம்பூச்சிகள் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் இருந்துகொண்டு, சுருண்ட வெள்ளை மெழுகு இழைகளை வெளியே தள்ளும். 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள வளர்ந்த பூச்சி, தலையைத் தாழ்த்தி வால்பக்கத்தை ஏறக்குறைய 45 பாகை உயர்த்தி உட்காரும். இறக்கையில் பழுப்புத் திட்டுகள் இருக்கும்.

இங்கே மூன்று காரியங்களைச் செய்து பழகுங்கள். வெள்ளைத் தட்டைக் கொழுந்துக்கு அடியில் பிடித்துக் கிளையை இருமுறை தட்டி, விழுந்த பூச்சி தாவுவதற்குள் கைலென்ஸில் பிடிப்பது ஒன்று. நனைத்த தூரிகை நுனியால் பூச்சியை நசுக்காமல் தொட்டெடுப்பது இரண்டு. முன்னிறக்கையின் நரம்பைப் பார்ப்பது மூன்று: அடியிலிருந்து வரும் தண்டு நரம்பு இதில் முதலில் இரண்டாகப் பிரிந்து, அவற்றுள் ஒன்று சற்றுத் தள்ளி மறுபடியும் இரண்டாகும். டிரையோசிடே குடும்பத்தின் பொது அடையாளம் வேறு. அங்கே மூன்று கிளைகளும் ஒரே இடத்திலோ மிக அருகருகிலோ பிரியும். இந்த வேறுபாடு கண்ணில் பதிந்துவிட்டால் பின்னால் வரும் குழப்பம் பாதி குறையும்.

எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி மரங்களில் பசுமை நோய் பரப்புவது இதே பூச்சிதான் என்பதால், பழகுவதற்காகப் பிடித்த பூச்சிகளை எலுமிச்சைத் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோய் விடாதீர்கள்.

இரண்டாம் படி: மரத்தை உறுதி செய்தல்

நமக்கு வேண்டியது நாட்டு அத்தி, அதாவது ஃபைகஸ் ராசிமோசா; பழைய நூல்களில் ஃபைகஸ் குளோமெராட்டா என்ற பெயரில் இருக்கும். அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் இலையில்லாத குறுங்காம்புகளில் காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்குவதும், இலைகள் மாற்றடுக்கில் அமைந்து தொடுவதற்கு வழவழப்பாக இருப்பதும் இதன் அடையாளங்கள். பேயத்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பேயத்தியின் இலைகள் எதிரெதிராக அமைந்து, தடவினால் விரலில் சொரசொரவென்று உறுத்தும். கடையில் உலர்பழமாக விற்கும் சீமை அத்தி முற்றிலும் வேறு மரம்.

அத்தி தண்ணீரை நாடும் மரம். ஆகவே வைகைக் கரையோரம், பெரியாறு பாசனக் கால்வாய்கள், கண்மாய்க் கரைகள், அழகர்மலையிலும் சிறுமலையிலும் இறங்கிவரும் ஓடைகள், பழைய கிணறுகள் ஆகிய இடங்களில் தேடுங்கள். நாகமலை, பசுமலைப் பாறைச் சரிவுகளில் ஏறி இறங்கிக் களைத்துப் போவதைவிட, அவற்றின் அடிவாரத்துத் தோட்டங்களைச் சுற்றுவது பலன் தரும். நாள்தோறும் நீங்கள் கடந்து செல்லும் வழியில் ஒரு மரம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அழகான மரம் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் பயனில்லை.

மூன்றாம் படி: கிளையைத் தேர்ந்து அடையாளமிடுதல்

இந்த வழிகாட்டியின் நடுநாயகமான படி இது. அவசரப்படக் கூடாத படியும் இதுவே.

அத்தி இலையுதிர்த்துப் புதுத்துளிர் விடும் காலம் மரத்துக்கு மரம், ஈரத்துக்கு ஈரம் மாறும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை மதுரைக்குத் தண்ணீர் கொடுக்கிறது; அதன் பின் வரும் வாரங்களிலும், கோடை மழைக்குப் பின்னும் கிளை நுனிகளைக் கவனித்து வாருங்கள். நாள்காட்டியை நம்பாமல் மரத்தை நம்புவதே சரி. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட பின் அந்தக் கரையிலுள்ள மரம் மட்டும் துளிர்ப்பதும் உண்டு.

துளிர் தென்பட்டதும், கைக்கு எட்டும் உயரத்தில் ஐந்தாறு கிளை நுனிகளைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எடுக்காமல் கிழக்கு, மேற்கு, நிழல், வெயில் என்று பிரித்தெடுங்கள். ஒவ்வொரு நுனியிலும் இலைகளுக்குக் கீழே தளர்வாகப் பருத்தி நூலைக் கட்டி, எண் எழுதிய சிறு அட்டையைத் தொங்கவிடுங்கள். கம்பியோ பிளாஸ்டிக் பட்டையோ வேண்டாம்; கிளை பருக்கும்போது அவை தோலை அறுத்துவிடும். நுனியிலிருந்து கீழ்நோக்கி இலைகளை எண்ணுங்கள் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதற்கு நேர்மாறாக, நூல் கட்டிய இடத்திலிருந்து மேல்நோக்கி எண்ணச் சொல்வேன், ஏனெனில் நுனியில் புது இலைகள் வந்துகொண்டே இருக்கும்போது மேலிருந்து எண்ணினால் ஒவ்வொரு வாரமும் எண் மாறிப்போகும்.

அடையாளமிட்ட கிளையில் எதையும் பறிக்கக் கூடாது, கீறக் கூடாது, கொப்புளத்தை அமுக்கிப் பார்க்கவும் கூடாது. முட்டைக் காம்பு பற்றி முன்பே சொன்னதன் காரணம் இதுதான். அறுத்துப் பார்க்க வேண்டிய இலைகளை அதே மரத்தின் அடையாளமிடாத வேறு கிளையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறையாவது, முடிந்தால் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒரே நேரத்தில் சென்று பாருங்கள். காலை நேரமே உகந்தது. காற்று குறைவாக இருக்கும், பூச்சிகளும் மந்தமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இலைக்கும் எழுத வேண்டியவை: இலையின் நீளம், கொப்புளங்களின் எண்ணிக்கை, அவை மேற்புறத்திலா அடிப்புறத்திலா, தனியாகவா கூட்டாகவா, பெரிய கொப்புளத்தின் குறுக்களவு, நிறம், திறந்ததா மூடியதா, சுற்றி எறும்புகளோ வேறு பூச்சிகளோ உண்டா என்பவை. ஸ்கேலை இலையோடு சேர்த்துப் பிடித்து ஒரு படமும் எடுத்துவிடுங்கள். கொப்புளமே இல்லாத இலைக்கும் அன்றைய தேதியிட்டுச் சுழியம் என்று எழுதுங்கள். எழுதாமல் விட்ட இடம், பார்த்து ஒன்றுமில்லை என்று உறுதி செய்ததா, பார்க்கவே மறந்ததா என்று பின்னால் உங்களுக்கே தெரியாது.

இப்படித் தொடரும்போது ஒன்றைக் கண்கூடாகக் காண்பீர்கள். கொப்புளம் தோன்றுவது இளந்துளிரில். முற்றிய இலையில் புதிதாக எழுவதில்லை. பூச்சி தன் உறிஞ்சலால் தூண்டுதல் கொடுக்கிறது; ஆனால் உயிரணுக்களைப் பெருக்கிச் சுவர் எழுப்புவது இலைதான், அதுவும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற இலைக்குத்தான் அது இயலும். ஆகையால் தாய்ப்பூச்சி துளிருக்கு ஏற்ற நேரத்தில் முட்டையிட வேண்டும், சில நாள் பிந்தினாலும் குஞ்சுக்கு வீடில்லை. அந்த நேரம் உங்கள் மரத்தில் எப்போது அமைகிறது என்பதை உங்கள் நோட்டு ஒன்றுதான் சொல்லும்.

நான்காம் படி: மற்ற கொப்புளங்களிலிருந்து பிரித்தறிதல்

இலையில் எழும் கொப்புளமெல்லாம் சில்லிட் வேலை அன்று. மதுரைத் தெருவோரப் புங்க மரங்களின் இலைகளில் குச்சிகுச்சியாக நீட்டிக்கொண்டிருப்பவை, கண்ணுக்குத் தெரியாத நுண்சிலந்தி வகையைச் சேர்ந்த பேனால் உண்டாகின்றன. மா இலையில் உள்ள கடினமான சிறு பருக்கள் பெரும்பாலும் ஈயினத்தைச் சேர்ந்த நுண்பூச்சியின் வேலை. அழகுக்காக வளர்க்கும் ஃபைகஸ் செடிகளில் இலை இரண்டாக மடிந்து மூடிக்கொண்டால், பிரித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பு இலைப்பேன்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

சில்லிட் எழுப்பும் கொப்புளங்களும் இந்த வட்டாரத்து மரங்களில் வேறு உண்டு. நாவல் இலையில் டிரையோசா ஜாம்பொலானே, மருத மரத்து இலையில் டிரையோசா ஃபிளெட்சரி, ஏழிலைப்பாலை இலையில் சூடோஃபாகோப்டெரான் டியூபர்குலேட்டம். அத்தி வேலை கைவந்த பிறகு இவற்றையும் இதே முறையில் தொடரலாம்.

அத்தியிலேயே ஒரு குழப்பம் நேரும். அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பார்கள். அந்தப் பழத்துக்குள் இருப்பவை அத்திக் குளவிகளும் அவற்றோடு வாழும் பிற குளவிகளும். அவற்றுள் மகரந்தம் சேர்ப்பதும் ஒன்று. அது இல்லாவிட்டால் அத்திக்கு விதையே கிடையாது. இலைக் கொப்புளத்துக்கும் அந்தக் குளவிகளுக்கும் தொடர்பில்லை.

ஐந்தாம் படி: கொப்புளத்தை அறுத்துப் பார்த்தல்

அடையாளமிடாத கிளையிலிருந்து கொப்புளமுள்ள இலை ஒன்றைக் காம்போடு பறித்து, பால் வடிந்து நிற்கும்வரை காம்பைக் கீழ்நோக்கிப் பிடித்திருங்கள். அத்திப் பால் பிளேடிலும் விரலிலும் பிசுபிசுவென்று ஒட்டிக் கறுத்துப்போகும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறுப்புக்கும் பின் பிளேடைத் துடைத்துவிடுவது நல்லது.

கொப்புளத்தை உச்சியிலிருந்து அடிவரை ஒரே அழுத்தில் பிளக்க முயன்றால் உள்ளே இருப்பது நசுங்கிவிடும். சுவர் தடிப்பானது, கெட்டியானது. ஆகவே சுற்றிலும் மேலோட்டமாகக் கீறி, பிறகு இருபுறமும் விரலால் மெல்லத் திருகிப் பிரியுங்கள். பிரிந்த அரைக்கோளத்தைக் கைலென்ஸின் கீழே வையுங்கள். பச்சையான தடித்த சுவர், அதற்குள் வெளிறிய ஈரமான உள்ளடுக்கு, நடுவே ஒரு குழி. அந்தக் குழியில் தட்டையான உடம்போடு இளம்பூச்சி ஒட்டிக்கிடக்கும். உள்ளடுக்கிலிருந்துதான் அதற்கு உணவு. கழிவாக வெளியேறும் இனிப்பு நீர் அந்தச் சிற்றறைக்குள் பெருகினால் பூச்சி மூழ்கிப்போகும். கொப்புளத்துக்குள் வாழும் சில்லிட்டுகள் அந்த நீர்த்துளிகளை மெழுகால் பூசி உலர்ந்த உருண்டைகளாக்கிவிடுவதால் அவை உடம்பில் ஒட்டுவதில்லை. குழியில் வெள்ளைத் தூளோ சிறு உருண்டைகளோ கண்டால் பூசணம் என்று எண்ணிவிடாமல் ஊசி முனையால் தொட்டுப் பாருங்கள்.

பூச்சியின் பருவத்தை இறக்கை மொட்டை வைத்துக் கணிக்கலாம். தொடக்கப் பருவங்களில் மொட்டு இருக்காது, அல்லது மிகச் சிறிதாக இருக்கும். ஐந்தாம் பருவத்தில் மார்பின் இருபுறமும் பெரிதாகத் தெரியும். பல கொப்புளங்கள் சேர்ந்த கட்டியை அறுக்கும்போது, எத்தனை அறைகள், ஒவ்வோர் அறையிலும் எத்தனை பூச்சிகள் என்று எண்ணி எழுதுங்கள். கவனித்தவற்றைப் படம் வரைந்து வைப்பது செல்போன் படத்தைவிடப் பயன்தரும் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். வரையும்போது கை நின்று நிதானிக்கிற இடங்களை, படமெடுக்கும்போது கண் தாண்டிப் போய்விடுகிறது.

ஆறாம் படி: வளர்ந்த பூச்சியைப் பெறுதல்

கொப்புளத்தை வைத்தும் இளம்பூச்சியை வைத்தும் நன்றாக ஊகிக்கலாம், ஆனால் இனத்தை உறுதி செய்ய வளர்ந்த ஆணும் பெண்ணும் வேண்டும். பறித்த இலை விரைவில் வாடிவிடுவதால் குப்பியில் போட்டு வளர்க்கும் முறை பாதி வளர்ந்த பூச்சிகளுக்கு உதவாது. மரத்திலேயே, முற்றிய கொப்புளங்கள் உள்ள கிளை நுனியை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, காம்புப் பக்கத்தில் பஞ்சு வைத்து நூலால் கட்டிவிடுங்கள். கட்டுவதற்கு முன் கிளையை நன்றாகத் தட்டி எறும்புகளையும் சிலந்திகளையும் விரட்டிவிட வேண்டும். ஒரு சிலந்தி உள்ளே மாட்டிக்கொண்டாலும் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

மரம் தொலைவில் இருந்தால், வெடிக்கும் நிலையிலுள்ள கொப்புளங்கள் கொண்ட இலைகளை மட்டும் காம்போடு பறித்து, காம்பைத் தண்ணீர்க் குப்பியில் செருகி, முழுவதையும் வாயகன்ற பாட்டிலில் வைத்துத் துணியால் மூடுங்கள். அடியில் மெல்லிய காகிதம் விரித்தால் ஈரம் தேங்காது. நேர்வெயில் படக் கூடாது. மதுரை வெயிலில் ஜன்னல் ஓரத்தில் வைத்த பாட்டில் ஒரு பிற்பகலிலேயே உள்ளிருப்பதை அவித்துவிடும்.

முற்றிய கொப்புளம் வாய்விட்டுப் பிளந்ததும் பூச்சி வெளிவரும். புதிதாக வந்தது வெளிறி, இறக்கை மென்மையாக இருக்கும். உடனே பிடித்துப் பாதுகாத்தால் நிறமும் வடிவமும் சரியாக நிற்காது. ஒருநாள் விட்டு எடுங்கள். பிளந்த வாயின் அருகே உரித்த தோல் ஒட்டியிருக்கிறதா என்று தேடி, கிடைத்தால் அதையும் அதே குப்பியில் சேருங்கள்.

ஏழாம் படி: குளவி வந்தால்

கொப்புளத்திலிருந்து வருவதெல்லாம் சில்லிட்டாக இராது. கறுப்பாகவோ பச்சை உலோகப் பளபளப்புடனோ, முழங்கையாக வளைந்த உணர்கொம்புகளுடன், நரம்பு மிகக் குறைந்த இறக்கையுடன் ஒரு நுண்ணிய பூச்சி வந்தால் அது ஒட்டுண்ணிக் குளவி. அது இளம்பூச்சியின் உடம்பிலோ உடம்பின்மேலோ வளர்ந்து, அதைத் தின்றுவிட்டு வருகிறது. வெளியேறிய வழியை வைத்தே இரண்டையும் பிரிக்கலாம்: பிளந்த வாய் சில்லிட்டின் வழி, சுவரில் ஊசியால் குத்தியது போன்ற உருண்டையான துளை குளவியின் வழி. குளவிகளைத் தூக்கி எறியாமல் தனிக் குப்பியில், எந்த இலை, எந்தத் தேதி என்ற சீட்டோடு சேமியுங்கள். அடையாளமிட்ட கிளைகளில் துளையுள்ள கொப்புளங்களையும் பிளந்த கொப்புளங்களையும் தனித்தனியே எண்ணினால், அந்த மரத்தில் குளவி எவ்வளவு பூச்சிகளைக் கட்டுப்படுத்துகிறது என்பதன் நேரடிக் கணக்கு கிடைத்துவிடும்.

மருந்து அடிக்கலாமா

வேண்டாம். வளர்ந்த அத்தி மரம் இந்தக் கொப்புளங்களோடு நன்றாகவே வாழ்கிறது, காய்க்கிறது. பூச்சி கெட்டிச் சுவருக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டாது. இமிடாகுளோபிரிட் முதலான ஊடுருவும் மருந்துகள் சாற்றோடு மரம் முழுவதும் செல்பவை. அத்திப் பழத்தை நம்பியிருக்கும் குயிலுக்கும் குக்குறுவானுக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும், பழத்துக்குள் வாழும் மகரந்தக் குளவிக்கும் அவை போய்ச் சேரும் ஆபத்து உண்டு. ஒரு சில இலைகள் அழகில்லாமல் இருக்கின்றன என்பதற்காக இத்தனையையும் பணயம் வைப்பது நியாயமே இல்லை. நாற்றங்காலில் உள்ள இளங்கன்று மட்டும் கொப்புளத்தால் திணறினால், கொப்புளம் இளசாக இருக்கும்போதே அந்த இலைகளைக் கிள்ளிப் புதைத்துவிட்டு, தொழுவுரமும் தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள்.

எட்டாம் படி: பாதுகாத்தலும் பதிவும்

பூச்சிகளை 70 சதவீத எத்தனாலில் இடுங்கள். மரபணு ஆய்வுக்கென்றால் 95 சதவீதத்துக்குக் குறையாதது வேண்டும். சீட்டைப் பென்சிலால் தடித்த காகிதத்தில் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டிய சீட்டோ என்றாவது உதிர்ந்துவிடும். ஊர், மாவட்டம், மரத்தின் பெயர், தேதி, எடுத்தவர் பெயர் ஆகிய ஐந்தும் சீட்டில் இருக்க வேண்டும். இவற்றுள் எதுவும் விடுபட்ட பூச்சி அறிவியலுக்குப் பயன்படாது. கொப்புளமுள்ள இலைகள் சிலவற்றைச் செய்தித்தாளுக்கு இடையே அழுத்தி உலர்த்தி, அதே எண்ணிட்டு வையுங்கள்.

இனத்தை உறுதி செய்வது ஆண் பூச்சியின் வால்நுனி உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டிய நிபுணர் வேலை. அதற்கு முன் வரை உங்கள் பதிவில் "அத்தி இலைக் கொப்புளச் சில்லிட், பாரோப்சில்லா டிப்ரெஸ்ஸாவாக இருக்கக்கூடும்" என்று எழுதுவதே நேர்மை. மதுரை வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறையையோ, உங்கள் ஊர்க் கல்லூரியின் விலங்கியல் துறையையோ முதலில் அணுகிப் பாருங்கள்.

இடத்தைப் பொறுத்த சட்டங்களையும் மதிக்க வேண்டும். அழகர்மலையிலும் சிறுமலையிலும் காப்புக்காட்டு எல்லைக்குள் எதையும் பறிக்க வனத்துறை அனுமதி தேவை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் கண்ணால் பார்ப்பதோடும் படமெடுப்பதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். சேகரித்த பூச்சிகளை ஆய்வுக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பின்பற்றியாக வேண்டும்.

உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படங்களை ஏற்றும்போது கொப்புளம், அறுத்த குழி, இளம்பூச்சி, வளர்ந்த பூச்சி, மரத்தின் காய்க்கொத்து ஆகியவற்றைச் சேர்த்து ஒரே பதிவாக இடுங்கள். பூச்சியை மட்டும் இட்டால் மரம் எது என்ற கேள்வியிலேயே அது நின்றுவிடும். ஒரு துளிர்ப் பருவம் முடிந்ததும் அடையாள நூல்களை அவிழ்த்துவிட்டு, அடுத்த துளிருக்கு அதே மரத்தில் புது நூல் கட்டுங்கள்.